கண்டன்சரில் ஓடும் மோட்டார்

எரிந்த மோட்டாரைத் திறந்துவிட்டால் யாரையும் விசாரிக்க வேண்டியதில்லை. என்ன நடந்தது என்று காயிலே சொல்லிவிடும். ஸ்டார் கனெக்‌ஷன் கொடுத்த மோட்டாரில் ஒரு ஃபேஸ் போயிருந்தால் இரண்டு ஃபேஸ் காயில்கள் கரியாகிக் கிடக்கும், மூன்றாவது ஃபேஸ் காயில்களில் வார்னிஷ் நிறம்கூட மாறியிருக்காது. டெல்டா என்றால் தலைகீழ். ஒரு ஃபேஸ் மட்டும் கரி, மற்ற இரண்டும் பழுதில்லாமல் இருக்கும். ஓவர்லோடில் போனது சுற்றுவட்டம் முழுக்க ஒரே சீராகக் கறுத்திருக்கும். ஈரம் இறங்கிப் போனது பெரும்பாலும் ஒரு ஸ்லாட்டோடு நின்றுவிடும். காங்கேயத்துக்கும் தாராபுரத்துக்கும் நடுவிலுள்ள ஊர்களுக்கு மோட்டார் காயில் கட்டிப் பிழைத்தவன் நான். இந்த நான்கில் முதல் இரண்டுதான் என் மேசைக்கு அதிகம் வந்தவை.

காரணம் கரண்ட் வந்த விதம். எங்கள் பக்கத்துத் தோட்டங்களுக்கு மும்முனை மின்சாரம் நாள் முழுக்க வந்த காலம் அல்ல அது. பகலில் 6 மணி நேரம், இரவில் 3 மணி நேரம். மீதி நேரமெல்லாம் மூன்று லைனில் ஒன்று அடங்கிப் போய் இருமுனையாகத்தான் வரும். வீட்டு விளக்குக்கும் ஃபேனுக்கும் அது போதும். கிணற்று மோட்டாருக்குப் போதாது. 1990-க்குப் பிறகு விவசாயத்துக்கு மின்சாரம் இலவசம், ஆனால் இறைக்கும் நேரத்தை மின்வாரியம்தான் முடிவு செய்தது. எங்கள் பூமியோ ஊற்று மெதுவாக ஊறுகிற பூமி. கொஞ்ச நேரம் இறைத்தால் கிணறு அடியைத் தொட்டுவிடும், மறுபடி ஊறிவரும்போது த்ரீ ஃபேஸ் போயிருக்கும். வெங்காயம் நட்டவர் அதைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார முடியாது. "ஏனுங் மேஸ்திரி, டூ ஃபேஸ்ல ஓட்டறதுக்கு ஏதாச்சும் பண்ணிக் குடுங்க" என்று வந்தவர்கள் யாரும் பேராசைக்காரர்கள் இல்லை.

மூன்று ஃபேஸ் மோட்டாருக்கு இரண்டு லைன் மட்டும் கொடுத்தால் அது உறுமும், சுற்றாது. மூன்று லைனும் இருக்கும்போது ஒன்றுக்கொன்று மூன்றில் ஒரு பங்கு சுழற்சி தள்ளி ஏறி இறங்குவதால், ஸ்டேட்டருக்குள் காந்தம் சுற்றி வரும்; ரோட்டார் அதன் பின்னால் ஓடும். இரண்டு லைன் என்றால் காந்தம் ஒரே கோட்டில் முன்னும் பின்னும் ஆடும், அவ்வளவுதான். தையல் மெஷினை மிதிப்பவர்களுக்கு இது உடனே புரியும். மிதிப்பலகை நேர்க்கோட்டில் நின்றுவிட்டால் எவ்வளவு அழுத்தினாலும் சக்கரம் அசையாது. கையால் மேல்சக்கரத்தைச் சற்றே தட்டிவிட்டால், தட்டிய பக்கம் ஓடத் தொடங்கிவிடும், அதன்பின் மிதி போதும். மோட்டாரும் அப்படித்தான். அந்தக் காலத்தில் சிலர் கப்ளிங்கில் கயிறு சுற்றி இழுத்தே டூ ஃபேஸில் ஓட்டினார்கள். எந்தப் பக்கம் இழுத்தார்களோ அந்தப் பக்கம் ஓடியது. விரல் போனவர்களும் உண்டு. அதனால் கயிற்றை நான் யாருக்கும் சொல்லிக் கொடுத்ததில்லை.

எனக்குத் தொழில் சொல்லிக் கொடுத்த மேஸ்திரி இதை வேறு விதமாகக் காட்டினார். கட்டி முடித்த 3 எச்.பி. மோட்டார் ஒன்றை மேசையில் சும்மா ஓடவிட்டு, ஒரு ஃபியூஸ் கட்டையை உருவினார். மோட்டார் நிற்கவில்லை. சத்தம் மட்டும் சற்றுக் கரகரத்தது. "இப்ப அந்த மூணாவது முனையில மீட்டர வெச்சுப் பாரு கண்ணு" என்றார். லைன் வராத முனையில் ஏறக்குறைய முழு வோல்ட்டேஜ் காட்டியது. சுற்றுகிற ரோட்டார்தான் அந்த ஃபேஸை உண்டாக்கிக் கொண்டிருந்தது. இந்தத் தொழிலில் நான் கற்ற எல்லாவற்றுக்கும் அடியில் அந்த ஒரு மீட்டர் முள் இருக்கிறது. மூன்றாவது லைன் மோட்டாருக்குத் தேவைப்படுவது கிளம்புவதற்கும், பாரத்தைச் சூடேறாமல் இழுப்பதற்கும். வெறுமனே சுற்றுவதற்கு அது வேண்டியதில்லை.

இதை விளங்கிக்கொண்டால், காவலுக்கு மாட்டிய கருவி இருந்தும் மோட்டார் ஏன் எரிந்தது என்பதும் விளங்கும். வோல்ட்டேஜை மட்டும் பார்க்கிற மலிவான சிங்கிள் ஃபேஸ் பிரிவென்டர்கள் சில அப்போது விற்றன. ஓடிக்கொண்டிருக்கும்போது ஒரு ஃபேஸ் போனால், மோட்டாரே அந்த ஃபேஸை உண்டாக்கித் திருப்பிக் கொடுக்கிறது. பிரிவென்டர் எல்லாம் சரியாக இருப்பதாக நினைத்துக்கொண்டு பேசாமல் இருந்துவிடும். ஆம்பியரைப் பார்க்கிற வகைதான் நம்பகமானது. ஓவர்லோட் ரிலே என்ன செய்தது என்று கேட்பார்கள். டெல்டா மோட்டாரில் ஒரு லைன் போனால், அதே பாரத்துக்கு மற்ற லைன்களில் ஆம்பியர் சுமார் 1.73 மடங்கு ஆகும். ஆனால் உள்ளே, இரண்டு லைனுக்கும் நேராக மாட்டியிருக்கும் அந்த ஒரு ஃபேஸ் காயிலில் இரண்டு மடங்கு ஓடும். ரிலே வெளியே இருக்கிறது, சூடு உள்ளே ஏறுகிறது. முழு பாரம் இல்லாத மோட்டார் என்றால் ரிலே பார்க்கும் ஆம்பியர் செட்டிங்கைத் தாண்டாமலே இருந்துவிடலாம். டெல்டாவில் ஒரு ஃபேஸ் மட்டும் கரியாவது இதனால்தான்.

இனி கண்டன்சருக்கு வருகிறேன். லைன் இல்லாத முனைக்கும், உள்ள லைன்களில் ஒன்றுக்கும் நடுவே கண்டன்சரை மாட்டினால், அதன் வழியே போகிற கரண்ட் முன்கூட்டியே ஏறி இறங்கும். ஆடிக்கொண்டிருந்த காந்தம் சுற்றத் தொடங்கும். எந்த லைனில் மாட்டுகிறோமோ அதைப் பொறுத்துச் சுற்றும் திசை. 415 வோல்ட் மோட்டாருக்கு ஓட்டத்தில் கிலோவாட்டுக்குச் சுமார் 20 மைக்ரோஃபாரட். 5 எச்.பி. என்பது 3.7 கிலோவாட், ஆகவே 75 அளவில் வரும். கிளம்புவதற்கு அதைப்போல இரண்டு, மூன்று மடங்கு வேண்டும், ஆனால் சில நொடிகளில் அதைக் கழற்றிவிட வேண்டும். ஓட்டத்தில் நிற்கிற கண்டன்சர் 440 வோல்ட் ஏ.சி. தாங்குகிற எண்ணெய் வகையாக இருக்க வேண்டும். ஸ்டார்ட்டிங் கண்டன்சரை ஓட்டத்திலும் விட்டால் வெடிக்கும். இந்த அளவுகள் எல்லாம் கடைக்காரருக்கும் தெரியும், பெட்டியாகவே விற்றார்கள். அந்தப் பெட்டியைத் தோட்டத்தில் மாட்டிவிட்டு வந்தவர்களில் பெரும்பாலோருக்குத் தெரியாத விஷயம் வேறொன்று. அதைச் சொல்லத்தான் இதை எழுதவே உட்கார்ந்தேன்.

கண்டன்சர் ஒரு பாரத்துக்குத்தான் பொருந்தும். மூன்று லைனும் வருகிற மோட்டாருக்குப் பாரம் கூடலாம், குறையலாம். மூன்று ஃபேஸும் தாமாகவே சமமாக இருக்கும். கண்டன்சர் மோட்டாருக்கு அந்தச் சமம் ஒரே ஒரு புள்ளியில்தான் கிடைக்கும். அந்தப் புள்ளியில் டாங் டெஸ்டரை மூன்று ஒயரிலும் மாற்றி மாற்றிப் பிடித்தால் ஆம்பியர் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்கும், மோட்டார் சத்தமில்லாமல் ஓடும். பாரம் ஏறினால் கண்டன்சர் ஃபேஸ் பின்தங்கி, மற்ற காயில்கள் சுமக்கும். பாரம் குறைந்தாலோ எல்லாரும் எதிர்பார்ப்பதற்கு எதிராக நடக்கும். கண்டன்சர் முனையில் வோல்ட்டேஜ் லைனையும் தாண்டி ஏறும், அந்தக் காயிலில் ஆம்பியர் கூடும், சும்மா ஓடுகிற மோட்டார் பாரத்தோடு ஓடுவதைவிடச் சூடாகும். கூடவே, சமம் கெட்ட காந்தத்தில் எதிர்ப்பக்கம் சுற்றுகிற ஒரு பங்கு எப்போதும் ஒட்டிக்கொண்டிருக்கும். அது ரோட்டார் கம்பிகளில் ஏறக்குறைய 100 சைக்கிளில் கரண்டைத் தூண்டி ரோட்டாரையும் காய வைக்கும். கண்டன்சர் மோட்டார் கரகரப்பதும் பேஸ் பிளேட் அதிர்வதும் அதனால்தான்.

அப்படியானால் பம்பு கண்டன்சருக்கு ஏற்றதா? ஏற்றதுதான். கிணற்று மட்டம் அதிகம் மாறாதவரை பம்பின் பாரம் காலையிலிருந்து மாலைவரை ஒன்றுதான். ஓட்டிப் பார்த்து, டாங் டெஸ்டரை வைத்து, கண்டன்சரைக் கூட்டிக் குறைத்து, அந்தப் பாரத்துக்குச் சமம் செய்துவிட்டால் வருடக்கணக்கில் ஓடுகிறது. நான் அப்படிச் செய்து கொடுத்த தோட்டங்களில், மோட்டார் தன் எச்.பி.யில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் இழுக்காதபடி பம்பைப் பார்த்துக்கொண்டேன். 5 எச்.பி. மோட்டாரில் 5 எச்.பி. பம்பை மாட்டிக்கொண்டு கண்டன்சரும் கேட்டவர்களிடம், இம்பெல்லரைக் குறைக்க ஒப்புக்கொண்டால்தான் செய்வேன் என்றேன். சிலர் முகம் சுளித்து வேறு கடைக்குப் போனார்கள். கொஞ்ச நாளில் அவர்களுடைய ஸ்டேட்டரே என் மேசைக்கு வந்ததும் உண்டு.

சித்திரை வைகாசியில் எரிந்து வந்தவற்றின் கதை இதன் மறுபக்கம். மட்டம் இறங்கி ஃபுட்வால்வ் காற்றிழுக்கத் தொடங்கினால் பம்பின் பாரம் போய்விடும். ஆட்டோ ஸ்விட்ச் மாட்டியிருப்பார்கள், தோட்டத்தில் ஆள் இருக்காது. லைன் ஆம்பியர் குறைந்திருப்பதால் ரிலேயும் விழாது. கண்டன்சர் பக்கத்துக் காயில் மட்டும் வெந்துகொண்டே இருக்கும். "தண்ணியே இல்லீங்க, சும்மாத்தான ஓடுச்சு, எப்படிங்க எரியும்?" என்று ஒரு பெரியவர் என்னிடம் கேட்டார். சும்மா ஓடியதால்தான் எரிந்தது என்று அவருக்குப் புரியவைக்க, கடையிலேயே ஒரு மோட்டாரைக் கண்டன்சரில் பெல்ட் இல்லாமல் ஓடவிட்டு மூன்று ஒயரிலும் டாங் டெஸ்டரைப் பிடித்துக் காட்டினேன். மூன்று எண்களையும் பார்த்துவிட்டு அவர் அதிக நேரம் பேசவில்லை. பிறகு மட்டம் பார்க்கிற கருவி என்ன விலை என்று கேட்டார்.

போர்வெல் மோட்டாருக்குக் கண்டன்சர் போட நான் கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை. மேலே இருக்கும் மோட்டாரைத் தொட்டுப் பார்க்கலாம், சத்தம் கேட்கலாம். சப்மெர்சிபிள் மோட்டார் நூற்றுக்கணக்கான அடி ஆழத்தில் கிடக்கிறது. அதன் காயில் தண்ணீருக்குள்ளேயே ஊறிக்கிடக்கிற பிளாஸ்டிக் உறை ஒயர். சூடு தாங்குகிற தன்மை எனாமல் கம்பிக்கு இருப்பதைவிடக் குறைவு. எரிந்தால் பைப் முழுக்கக் கழற்றி மேலே எடுக்க வேண்டும். அந்தக் கூலியும் வண்டி வாடகையும் சேர்ந்தால், இரண்டு மாதம் திருடி இறைத்த தண்ணீரின் விலை அதற்குள் போய்விடும்.

திருடி என்று சொன்னேன். டூ ஃபேஸ் நேரத்தில் கண்டன்சர் போட்டு இறைப்பதை வாரியம் தடுத்தது, அது விதிமீறல்தான். டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றில் பல மோட்டார்கள் ஒரே நேரத்தில் இரண்டு லைனில் இழுத்தால் டிரான்ஸ்ஃபார்மர் தாங்காது, ஊரே இருட்டாகும். எனக்கு அதைவிடப் பெரிதாகப்பட்டது வேறு. மோட்டார் உண்டாக்குகிற மூன்றாவது ஃபேஸ் பெட்டியோடு நிற்காது. ஸ்டார்டரில் மூன்று கான்டாக்டும் மூடியிருந்தால், அந்த வோல்ட்டேஜ் அடங்கிக் கிடக்கிற லைன் வழியாகக் கம்பத்துக்கு ஏறும். லைன் செத்துவிட்டது என்று நம்பி அதில் கை வைக்கிறவர் வயர்மேன். எங்கள் செக்‌ஷன் வயர்மேன் ஒருவர் கடைக்கு வந்து, "அண்ணா, நீங்க போடறத நான் தடுக்க முடியாது. என்னைய மட்டும் நெனச்சுப் போடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு, மூன்றாவது லைனை முழுக்கத் துண்டிக்கிற சேஞ்ச் ஓவர் ஸ்விட்ச் இல்லாமல் ஒரு கண்டன்சரும் என் கையால் மாட்டப்படவில்லை. த்ரீ ஃபேஸ் பக்கம் போட்டால் கண்டன்சர் விலகும், டூ ஃபேஸ் பக்கம் போட்டால் மூன்றாவது லைன் விலகும், இரண்டும் ஒரே நேரத்தில் சேரவே வழியில்லை. அதன் விலையைக் கேட்டுத் தயங்கியவர்களுக்கு வேலையே செய்து கொடுக்கவில்லை.

மோட்டார் உண்டாக்குகிற அந்த மூன்றாவது ஃபேஸை ஒளிக்காமல், முறையாகவே வேலை வாங்கிய இடம் ஒன்று உண்டு. மேஸ்திரியின் உறவுக்காரர் ஒருவர் ஈரோடு எலெக்ட்ரிக் லோகோ ஷெட்டில் இருந்தார். ரயில் இன்ஜினுக்கு மேலே ஓடுவது ஒரே ஒரு கம்பி, 25,000 வோல்ட், சிங்கிள் ஃபேஸ். ஆனால் உள்ளே டிராக்‌ஷன் மோட்டார்களுக்குக் காற்று ஊதுகிற புளோயர்களும் கம்ப்ரசர்களும் மூன்று ஃபேஸ் மோட்டார்கள். பழைய WAG-5, WAP-4 வகை இன்ஜின்களில் இவற்றுக்கு மூன்று ஃபேஸ் கொடுத்தது ஆர்னோ கன்வெர்ட்டர். பாரம் எதுவும் இழுக்காமல் சுற்றிக்கொண்டே இருக்கிற ஒரு பெரிய இண்டக்‌ஷன் மெஷின் அது. டிரான்ஸ்ஃபார்மரின் தனிச் சுற்றிலிருந்து 380 வோல்ட் சிங்கிள் ஃபேஸ் அதற்குள் போகும், மூன்றாவது முனையிலிருந்து விடுபட்ட ஃபேஸ் வெளியே வரும். கிளம்பும்போது மட்டும் ஒரு ரெசிஸ்டன்ஸ் உதவும், வேகம் பிடித்ததும் கான்டாக்டர் அதை விலக்கிவிடும். சுழல் காந்தத்தை 1888-இல் எழுதி வெளியிட்ட கலிலியோ ஃபெராரிஸோடு டூரினில் வேலை செய்த ரிக்கார்டோ ஆர்னோவின் பெயர்தான் அதற்கு. மேஸ்திரி மேசையில் ஃபியூஸ் கட்டையை உருவிக் காட்டிய அதே சங்கதி, நூறு கிலோவோல்ட் ஆம்பியருக்கு மேல், நாடு முழுக்கச் சரக்கு ரயில்களில் ஓடியது என்று தெரிந்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. இப்போது அந்த இடத்தை ஸ்டேட்டிக் கன்வெர்ட்டர்கள் பிடித்துவிட்டன.

அந்த யோசனையைப் பட்டறைக்கும் கொண்டுவரலாம், கொண்டுவந்தேன். லேத்தும் டிரில்லிங் மெஷினும் வைத்திருந்த ஒருவருக்குச் சிங்கிள் ஃபேஸ் சர்வீஸ் மட்டும்தான் கிடைத்தது. சின்ன மோட்டார்கள் நம் நாட்டில் பெரும்பாலும் 415 வோல்ட்டுக்கு ஸ்டாரில் கட்டியவை. ஒவ்வொரு ஃபேஸ் காயிலுக்கும் கிடைப்பது 240 வோல்ட்தான். ஆகவே ஆறு முனையையும் வெளியே எடுத்து டெல்டாவாக மாற்றிவிட்டால் அதே மோட்டார் 240-க்கு ஒத்துக்கொள்ளும். ஸ்டைன்மெட்ஸ் கனெக்‌ஷன் என்று புத்தகங்களில் இருப்பது இதுதான்: இரண்டு முனை லைனுக்கும் நியூட்ரலுக்கும், மூன்றாவது முனைக்குக் கண்டன்சர், கிலோவாட்டுக்குச் சுமார் 70 மைக்ரோஃபாரட். டிரில்லிங் மெஷினுக்கு அது போதும். லேத்துக்குப் போதாது. ஒரு கட்டில் இரும்பைத் தின்னும், அடுத்த நொடி சும்மா சுற்றும். பாரம் ஓரிடத்தில் நிற்காத மெஷினுக்கு ஒரு அளவு கண்டன்சர் என்பதே இல்லை. அவருக்கு ஒரு பழைய பெரிய மோட்டாரை மூலையில் சும்மா ஓடவிட்டு, அதன் மூன்று முனையிலிருந்து லேத்துக்கு லைன் எடுத்துக் கொடுத்தேன். சும்மா ஓடுகிற மோட்டார் லேத் மோட்டாரைவிட ஒன்றரை மடங்காவது பெரிதாக இருக்க வேண்டும். ஏர் கம்ப்ரசருக்கு மட்டும் கண்டன்சரைக் கேட்காதீர்கள். டேங்கில் காற்று நிற்கும்போது கிளம்பத் தேவையான முறுக்கு கண்டன்சர் மோட்டாரிடம் இல்லை.

இனி எப்போதும் சிங்கிள் ஃபேஸ்தான் என்று முடிவாகிவிட்ட மோட்டாருக்கு, கண்டன்சர் வித்தை எதுவும் வேண்டாம், காயிலையே மாற்றிக் கட்டிக்கொள்ளுங்கள் என்பது என் அபிப்பிராயம். ஸ்லாட்டில் மூன்றில் இரண்டு பங்கு ரன்னிங், ஒரு பங்கு ஸ்டார்ட்டிங். எச்.பி. குறையும், ஆனால் அந்த மோட்டார் தன் கரண்டுக்கென்றே கட்டியதாகிவிடும், பாரம் மாறினாலும் பெரிதாகக் கோபிக்காது. இரண்டு எச்.பி. மோட்டாரை ஒன்றேகாலாக மாற்றிக் கொடுக்க எனக்குச் சங்கடமே இல்லை.

இப்போது நிலைமை மாறிவிட்டது. விவசாயத்துக்கு 24 மணி நேர மும்முனை மின்சாரம் என்று 2021-இல் அரசு அறிவித்தபின், டூ ஃபேஸ் பெட்டி கேட்டு வருகிறவர்கள் குறைந்தார்கள். பட்டறைக்காரர்கள் டிரைவ் வாங்குகிறார்கள். 230 வோல்ட் சிங்கிள் ஃபேஸை உள்ளே வாங்கி, டி.சி. ஆக்கி, மூன்று ஃபேஸாக வெளியே கொடுக்கும். பாரம் மாறினாலும் மூன்று ஃபேஸும் சமமாக நிற்கிறது, வேகத்தையும் கூட்டிக் குறைக்கலாம். லேத்துக்கு இதைவிட நல்லது இல்லை. அது கொடுப்பதும் 230-தான், ஆகவே மோட்டார் டெல்டாவாக வேண்டும். பழைய கண்டன்சர் எதுவும் டிரைவுக்கும் மோட்டாருக்கும் நடுவில் இருக்கக் கூடாது. இருந்தால் டிரைவ் போய்விடும்.

டெல்டா மாற்றிக் கொடுக்கிற ஒவ்வொரு மோட்டாரிலும் டெர்மினல் பாக்ஸ் மூடியின் உட்புறம் பெயிண்டில் எழுதிவிடுகிறேன்: டெல்டா, 240 வோல்ட், கண்டன்சர் இவ்வளவு, பாரத்தில் மூன்று ஒயரிலும் ஆம்பியர் இவ்வளவு. நேம் பிளேட்டில் 415 என்றுதான் இன்னும் இருக்கும். மோட்டார் கைமாறி, த்ரீ ஃபேஸ் உள்ள தோட்டத்துக்குப் போய், அந்த ஊர் எலெக்ட்ரீசியன் பிளேட்டை மட்டும் பார்த்து லைன் கொடுத்தால், ஒவ்வொரு காயிலுக்கும் 1.73 மடங்கு வோல்ட்டேஜ் ஏறும். புகை வருவதற்குச் சில நிமிடங்கள் போதும்.